செவ்வாயும் வெள்ளியும்



எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்காவை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் பதினோரு வருடங்களாக இந்த இதழில் நீங்கள் படித்த ஒவ்வொரு வரியையும் உங்களுக்கு முன்னால் படித்தவர் அவர்தான். ஒற்று மிகும் இடங்களில் எனக்கும் அவருக்கும் தீராத தகராறு உண்டு; பெரும்பாலும் நான்தான் தோற்பேன். இந்தப் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "பேர் போடாதீங்க சார், விஷயத்தை எழுதுங்க" என்றார். அதனால் கடைசி வரை அவர் அக்காதான்.

இந்த ஆடியில் ஆரம்பித்தது. செவ்வாயும் வெள்ளியும் மணி மூன்றானால் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி. அம்மன் கோயிலுக்குப் போகிறார் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். லேஅவுட் செய்கிற தம்பி, வரும்போது கூழ் வாங்கி வரச் சொல்லிக் கேலி செய்தான். ஆடி போய் ஆவணி வந்தது. அப்போதும் மூன்று மணிக்கு நாற்காலி காலி. சிறுகதைச் சிறப்பிதழ் நெருக்கியபோது மட்டும், ஒரு செவ்வாயும் அடுத்த வெள்ளியும், "இந்த வாரம் அம்மன் பொறுத்துக்குவா" என்று சொல்லி அவரை நிறுத்தி வைத்தேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து வேலை பார்த்தார். பிள்ளையார் சதுர்த்தியும் முடிந்த பிறகு, பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன், "எந்தக் கோயில்மா அது?"

"கோயில் இல்ல சார். லைட் எடுக்கப் போறேன்."

இருபது வருடத்துச் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று சிவந்து தடித்து, மேலே வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். சித்திரை வெயிலிலும் அவர் முழுக்கை ரவிக்கையோடு வருவதை நான் ரசனை என்று நினைத்திருந்தேன். அச்சில் வந்ததைத் தவிர வேறு எதையும் சரியாகப் படிக்கத் தெரியாத ஆசிரியன் நான்.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தோல் பிரிவின் கோடியில் ஓர் அறை. உள்ளே ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோவைப் போல ஒரு கூண்டு. அதன் உட்சுவர் முழுக்கக் குழல் விளக்குகள் நட்டுக்குத்தலாக நிற்கின்றன. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டும். மூடி போட்ட கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். ஆண்கள் மறைவிடத்தை மூடிக்கொள்ள வேண்டும். செவிலியர் அட்டையைப் பார்த்து எண்ணைப் பொத்தானில் தட்டுவார். மின்விசிறி இரைகிறது, கதவிடுக்கில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு வெளிச்சம், பிறகு ஒரு 'டிங்'. முடிந்துவிட்டது. அக்காவுக்கு முதல் நாள் ஒரு நிமிடம்கூட இல்லையாம். "இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்னு இருந்துச்சு சார்" என்றார்.

கண்ணுக்குத் தெரிகிற அந்த நீலத்துக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தம் இல்லை. வேலை செய்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. வானவில்லில் ஊதாவைத் தாண்டி இருப்பது புற ஊதா. அதிலும் மூன்று உறவு. 400-லிருந்து 315 நானோமீட்டர் வரை யு.வி.ஏ., அங்கிருந்து 280 வரை யு.வி.பி., அதற்கும் கீழே யு.வி.சி. கடைசியாகச் சொன்னது கிருமியைக் கொல்லும், நம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். வானத்து ஓசோன் அதை வழியிலேயே மறித்துவிடுகிறது. அக்கா நிற்கிற கூண்டில் எரிவது யு.வி.பி.யிலும் ஒரு மெல்லிய கீற்று மட்டும், 311 நானோமீட்டரை ஒட்டியது. அந்த ஒரு கீற்றைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

முதலில் வந்தவர் நீல்ஸ் ஃபின்சன். டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் 1860-ல் பிறந்தவர். வெயில் அதிகம் எட்டிப் பார்க்காத ஊரில் பிறந்தவனுக்குத்தான் வெளிச்சத்தின் அருமை தெரியும் போலிருக்கிறது. இளம் வயதிலேயே தீராத நோய், எப்போதும் சோர்வு. கூரையில் படுத்திருந்த பூனை ஒன்று நிழல் நகர நகரத் தானும் வெயிலுக்கு நகர்ந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்கு, கார்பன் விளக்கின் ஒளியைக் கண்ணாடி வில்லைகளால் குவித்துப் பாய்ச்சினார். 1896-ல் கோபன்ஹேகனில் அவர் பெயரில் ஒரு நிலையம் எழுந்தது. 1903-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. மறுவருடமே இறந்துபோனார், வயது 43.

வேடிக்கை என்னவென்றால், 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஃபின்சனின் பழைய கருவிகளை எடுத்துச் சோதித்தபோது, அந்த வில்லைகளும் வடிகட்டிகளும் குறுகிய அலை புற ஊதாவை உள்ளே விட்டதே இல்லை என்று தெரிந்தது. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் ஒரு நிறமிப் பொருளை வேறு அலைநீளம் தூண்டிவிட்டுக் கிருமியைக் கொன்றிருக்க வேண்டும். கணக்குத் தப்பு, விடை சரி. மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஒத்துக்கொள்ளாத ரகம்.

இரண்டாவது வழி நாட்டு மருந்துக் கடையிலிருந்து வந்தது. உங்கள் வீட்டு நலங்கு மாவில் பூலாங்கிழங்கோடும் கிச்சிலிக்கிழங்கோடும் கார்போகரிசி என்று கறுப்பாக ஒரு விதை சேர்ப்பார்களே, அதுதான். அதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் வெண்புள்ளி வந்தவர்களுக்கு இந்த விதையைக் கொடுத்து வெயிலில் நிறுத்துவது நம் நாட்டின் பழைய வழக்கம். எகிப்தில் நைல் கரையோரம் முளைக்கிற வேறொரு செடிக்கும் இதே புகழ். 1940-களில் கெய்ரோவில் அந்தச் செடியின் விதையிலிருந்து மெத்தாக்ஸி சோரலனைப் பிரித்தெடுத்தார்கள். எல் மோஃப்டி என்ற தோல் மருத்துவர் அதை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974-ல் பாஸ்டனில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், மதுகர் பாதக் ஆகிய நால்வரும் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து யு.வி.ஏ. விளக்குக்கு முன் நிறுத்திச் சொரியாசிஸைக் குறைத்துக் காட்டினார்கள். அதற்குப் 'பூவா' என்று பெயர். நம் ஊர் மருத்துவர்கள் விளக்குக்குப் பதில் சூரியனையே வைத்துக்கொண்டு 'பூவாசால்' என்று இன்னொன்றை நடத்தினார்கள். விளக்குக்கும் மின்சாரத்துக்கும் பஞ்சமான ஊர்களில் அது பலரைக் கரையேற்றியது.

பூவாவுக்கு விலையும் இருந்தது. மாத்திரை குமட்டும். சாப்பிட்ட நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். 1975-லிருந்து அமெரிக்காவில் 1,380 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நூற்றுக்கணக்கான முறை பூவா எடுத்தவர்களுக்குத் தோல் புற்று கூடுவது தெரிந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். ஆனாலும் மருத்துவர்கள் சும்மா இருக்க முடியாதல்லவா?

மாத்திரையே இல்லாமல் முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1981-ல் பாரிஷும் ஜேனிக்கேயும் சொரியாசிஸ் படைகளின் மேல் ஒவ்வோர் அலைநீளமாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 254, 280, 290-ல் தோல் சிவந்து வெந்ததுதான் மிச்சம், படை அசையவில்லை. 300-ஐத் தாண்டி 313 வரை வந்தபோது அதிகம் வேகாமலே படை உதிர்ந்தது. காய் வேகிற சூடும் சட்டி அடிப்பிடிக்கிற சூடும் வேறு வேறு என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்; அந்த இடைவெளியை இவர்கள் எண்ணாக எழுதிவிட்டார்கள். பிலிப்ஸ் நிறுவனம் 311-ஐ மட்டும் உமிழ்கிற குழலைச் செய்து தந்தது. 1997-ல் ஆம்ஸ்டர்டாமில் அதே ஒளி வெண்புள்ளிக்கும் கைகொடுக்கிறது என்று காட்டினார்கள். இன்று உலகத்தில் பெரும்பாலான கூண்டுகளில் எரிவது இந்த ஒளிதான். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது.

சொரியாசிஸ் தோலுக்கு வந்த அவசர நோய். சாதாரணமாக ஒரு மாதம்போல ஆகும் மேல்தோல் வளர்ச்சி நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. பழையது விழுவதற்குள் புதியது முட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. ஏவிவிடுவது உடம்பின் காவல் படையைச் சேர்ந்த டி செல்கள். ஒளி அந்த டி செல்களைத் தோலுக்குள்ளேயே அடக்குகிறது, தோல் செல்கள் பெருகும் வேகத்தையும் குறைக்கிறது. தொற்று நோய் அல்ல என்பதை இன்னும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு முடி வெட்ட மறுத்த ஒரு கடையை எனக்குத் தெரியும்.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பையன். கண்ணோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. ஏழு மாதமாக வருகிறான். கைபேசியில் மாதத்துக்கு ஒன்றாக எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினான். மூன்றாம் மாதம் வரை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலாம் மாதத்தில் கண்ணோர வெள்ளைக்கு நடுவே கடுகு தாளித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். மயிர்க்காலின் அடியில் ஒளிந்திருக்கும் நிறமிச் செல்களை ஒளி எழுப்பி மேலே வரவழைக்கிறது. அவை மயிர்க்கால் வழியாக ஏறி வட்டம் வட்டமாகப் பரவுகின்றன. முகத்தில் சீக்கிரம் தெரிவதும், மயிரே இல்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் இழுபறியாக இருப்பதும் அதனால்தான். "விரல் வரலன்னா பரவாயில்ல அங்கிள், முகம் வந்துட்டா போதும்" என்றான். அவனுக்கு மருத்துவர் சொன்னது: 48 முறையாவது எடுத்துவிட்டு அப்புறம் பேசலாம், 72 முறை ஆகும்வரை பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

அவனுடைய பாட்டி இன்னும் அதை 'வெண்குஷ்டம்' என்றுதான் சொல்கிறாராம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது கிருமியால் வருவது, இது உடம்பு தன் நிறமிச் செல்களைத் தானே எதிரியாக நினைத்துத் தாக்குவது. தமிழ்நாடு அரசே வெண்புள்ளிகள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. எங்கள் பழைய இதழ்களில் அந்த மற்றச் சொல் வந்த இடங்களைத் தேடினேன். நாலு இருந்தது. ஒன்று நான் எழுதியது.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். 'நம் ஊரில் இல்லாத வெயிலா, மொட்டை மாடி போதாதா?' நானும் அக்காவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெயிலில் 311-ம் இருக்கிறது, கூடவே வேகவைக்கிற மற்றதெல்லாமும் இருக்கிறது. எது எவ்வளவு விழுந்தது என்று அளக்க வழியில்லை. காலை ஏழு மணி இளவெயிலில் யு.வி.பி. மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் ஏறக்குறைய அதுவும் இல்லை. கூண்டில் அப்படியில்லை: இன்று எவ்வளவு கொடுத்தோம், மறுநாள் தோல் சிவந்ததா, சிவந்தது எத்தனை மணி நேரம் நின்றது என்று எல்லாம் அட்டையில் ஏறுகிறது. அதைப் பார்த்து அடுத்த முறை பத்து, இருபது சதவிகிதம் கூட்டுகிறார்கள், அல்லது நிறுத்தி வைக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தயவுசெய்து யாரும் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் போய் நிற்காதீர்கள். கொப்புளம் கிளம்பிவிடும். கொரோனா காலத்தில் கிருமி கொல்ல வாங்கிய யு.வி.சி. விளக்கு உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதன் முன்னால் நிற்கவே கூடாது. லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கும் முன்பு தோல் புற்று வந்தவர்களுக்கும் பொதுவாக ஒளிச் சிகிச்சை தருவதில்லை. வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில மாத்திரைகள் தோலை வெளிச்சத்துக்கு அளவு மீறிக் கூச வைக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த 311 கொடுப்பதுண்டு, பூவா கூடாது. இதற்கு மேல் நான் பேசினால் டாக்டர் பக்கம் எழுதுகிறவர் கோபித்துக்கொள்வார்.

எனக்குச் சொல்ல இருப்பது வேறு. திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். வாரம் இரண்டு, மொத்தம் 24 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு தடவைக்கு இரண்டு நிமிட ஒளி. ஆக 48 நிமிடம். பஸ், டோக்கன், காத்திருப்பு, திரும்புதல் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம். ஆக 72 மணி நேரம். முக்கால் மணி ஒளிக்கு மூன்று பகல், மூன்று இரவு. ரத்தப் பரிசோதனை கேட்காத, ஈரலைத் தொடாத, ஊசி மருந்துகளைப்போல லட்சக்கணக்கில் செலவு வைக்காத சிகிச்சை இது. ஆனால் வேலை நேரத்தை, கூலியை, மேலதிகாரியின் முகச்சுளிப்பை அது வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 783 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு வீட்டிலேயே விளக்கைக் கொடுத்தார்கள். மறுபாதி மருத்துவமனைக்கு வந்தது. 12 வாரத்தில் வீட்டில் எடுத்தவர்களுக்குப் பலன் எந்த வகையிலும் குறையவில்லை. என்னை உட்கார வைத்தது இன்னொரு கணக்கு. வீட்டில் எடுத்தவர்களில் சுமார் பாதிப்பேர் முறை தவறாமல் எடுத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வர வேண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். கார் வைத்திருக்கிற நாட்டிலேயே இந்த நிலைமை என்றால், இரண்டு பஸ் மாறுகிறவர் என்ன செய்வார்? அந்த வீட்டு விளக்கு நம் ஊரில் அக்கா வாங்குகிற விலையில் இல்லை. எங்களைப்போல வேலைக்கு வைத்திருப்பவர்கள் கொடுக்கக்கூடியது ஒன்றுதான், இரண்டு சாயங்காலம்.

நான் அதையும் பறித்திருக்கிறேன். சிறுகதைச் சிறப்பிதழுக்காக ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் நிறுத்தி வைத்தேன் என்றேனே, அதில் அக்காவுக்கு விழுந்த இடைவெளி 11 நாள். அவ்வளவு நாள் விட்டால் தோல் பழகியது மறந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி அளவைக் குறைத்து, பழைய படிக்கு ஏற அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. "அம்மன் பொறுத்துக்குவா" என்று நான் சொன்னபோது சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாரே என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எங்க எங்க இருக்குன்னு கேப்பீங்க சார்" என்றார்.

இதுவரை 23 முறை ஆகியிருக்கிறது. முதுகு ஏறக்குறைய சுத்தம். முழங்கையில் படை போய்க் கறுப்புத் தழும்பு மட்டும். தலைக்கு மருந்துதான், முடியைத் தாண்டி ஒளி இறங்காது. சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். வந்தால் மறுபடி லைட் எடுக்க வேண்டியதுதான் என்று அக்கா சொல்வதைக் கேட்டால், ரேஷன் கடைக்கு இன்னொரு நடை போய்வருவதைச் சொல்கிறாரோ என்று தோன்றும்.

அக்டோபர் 29-ம் தேதி உலகச் சொரியாசிஸ் தினம் என்பதால் இந்தப் பக்கத்தை இந்த இதழில் எழுதினேன். இன்னொரு செய்தியும் உண்டு. தீபாவளி மலரிலிருந்து எங்கள் கடைசிப் பக்கங்கள் செவ்வாய்க்குப் பதில் புதன்கிழமை அச்சகத்துக்குப் போகும். உங்கள் ஊருக்கு இதழ் ஒருநாள் தாமதமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தின் மெய்ப்பு இன்று இரண்டேமுக்காலுக்கு என் மேசைக்கு வந்தது. 'ஒளி சிகிச்சை' என்று நான் எழுதியதில் சிவப்பு மையால் ஒரு 'ச்' நுழைந்திருந்தது. இந்த இடத்தில் மிகாது என்று வாதாட நிமிர்ந்து பார்த்தேன். மணி மூன்று ஐந்து. மேசையில் கண்ணாடி உறை இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்